மயக்கத்தில் இருப்பவரின் காலை ஏன் மடக்கி நீட்டுகிறோம்?

குதிகாலுக்கு அடியில் ஒரு கை, முழங்காலுக்குப் பின்னால் இன்னொரு கை. காலை மெதுவாகத் தூக்கி, முட்டியை மடக்கி, தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுபோய், ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, மறுபடி நீட்டுவேன். இப்படிப் பத்து முறை. காலுக்குச் சொந்தக்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவர் வாயில் குழாய், குழாயின் மறுமுனையில் வென்டிலேட்டர், கழுத்தில் போட்ட லைன் வழியாக நிற்காமல் இறங்கிக்கொண்டிருக்கும் மயக்க மருந்து.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிற எனக்கு இது அன்றாட வேலை. வெளியிலிருந்து வந்து பார்ப்பவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை. நிமோனியா முற்றிச் சேர்த்திருந்த ஒரு பெரியவரின் மனைவி, பார்வை நேரத்தில் கால்மாட்டில் நின்று கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “ஏம்மா, அந்த மனுசனே அசந்து கெடக்குறாரு. அவரைப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துறே? முழிச்சப்புறம் நடக்க வெச்சாப் போதாதா?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பாசம்தான் இருந்தது. “முழிக்கிறப்போ நடக்கறதுக்குக் கால் வேணுமேம்மா” என்று மட்டும் சொன்னேன். பார்வை நேரம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஐசியூ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் இதே கேள்வி மனசுக்குள் இருக்கும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். நோயாளி துளியும் முயற்சி செய்யாமல், வேறொருவரோ ஒரு கருவியோ அவருடைய மூட்டை அசைத்துவிட்டால் அதைப் பாஸிவ் பயிற்சி என்போம். பாதி அவர், பாதி நாம் என்றால் துணையோடு செய்யும் பயிற்சி. முழுக்க அவரே செய்தால் ஆக்டிவ். வென்டிலேட்டரில் ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் வகை மட்டும்தான் முடியும்.

இது தூக்கம் இல்லை

“தூங்குறாரு” என்று சொல்வது ஒரு ஆறுதலுக்குச் சரி. ஆனால் தூங்குகிறவர் சும்மா கிடப்பதில்லை. ஒரு ராத்திரியில் எத்தனை முறை புரண்டு படுக்கிறோம்! கொசு கடித்தால் காலை உதறுகிறோம், குளிர்ந்தால் முட்டியை மடக்கிச் சுருண்டுகொள்கிறோம், கை மரத்துப்போனால் நமக்கே தெரியாமல் இழுத்துக்கொள்கிறோம். அசந்து தூங்கும் உடம்பிலும் தசைகள் அவ்வப்போது வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன.

மயக்க மருந்து இதையெல்லாம் நிறுத்திவிடுகிறது. மயக்கத்தின் ஆழத்தை அளக்க எங்களிடம் ஒரு அளவுகோல் உண்டு. மிகுந்த கொந்தளிப்பு என்றால் கூட்டல் 4, நிதானமாக விழித்திருந்தால் 0, குரலுக்கும் தொடுதலுக்கும் எந்தப் பதிலும் இல்லை என்றால் கழித்தல் 5. அந்தக் கழித்தல் 4, 5 நிலையில் இருப்பவர், செவிலியர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால்தான் புரள்வார். நுரையீரல் மிகவும் மோசமாக இருந்தால் சில சமயம் தசைகளையே முழுதாகத் தளரச் செய்யும் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்போது விரல்நுனி துடிக்கக்கூட வழியில்லை.

இதை வேண்டுமென்றா செய்கிறார்கள்? ஆமாம், காரணத்தோடுதான். தொண்டையில் குழாயோடு முழு நினைவில் கிடப்பது கொடுமை. நோயாளி இயந்திரத்தோடு முரண்டு பிடித்து மூச்சுவிட்டால் நுரையீரல் இன்னும் கெடும். உயிரைக் காப்பாற்றும் மருந்துதான் அது. அதற்கு உடம்பு கொடுக்கும் விலையைத்தான் இங்கே பேசுகிறோம்.

கரையும் மண்சுவர்

கால் முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டைப் பிரித்த அன்று இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டுக்குள் இருந்த கால் சூம்பிப்போயிருக்கும். சோறு அதே சோறு, இரத்தம் அதே இரத்தம். வேலை இல்லாமல் போனது மட்டும்தான் வித்தியாசம்.

தசையை மண்சுவர் வைத்த வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது தினமும் கொஞ்சம் கரையும். தினமும் யாராவது வந்து குழைத்துப் பூசிவிட்டால் சுவர் நிற்கும். தசையிலும் புரதம் நாள்தோறும் உடைகிறது, நாள்தோறும் புதிதாகச் சேர்கிறது. பூசுகிற ஆளைக் கூப்பிடும் குரல் எது? இழுவை. தசை நார் இழுபடும்போதும் சுருங்கும்போதும் அதற்குள் இருக்கும் புரத இழைகள் அந்த விசையை உணர்ந்து, “இங்கே வேலை நடக்கிறது, ஆள் அனுப்பு” என்று செல்லுக்குள் தகவல் அனுப்புகின்றன. அசைவே இல்லாத காலில் அந்தக் குரல் அடங்கிப்போகிறது.

அத்தோடு முடிந்தால் மாவுக்கட்டு அளவுக்குத்தான் பாதிப்பு இருக்கும். ஐசியூ நோயாளிக்கு மேலே புயலும் அடிக்கிறது. இரத்தத்தில் பரவிய தொற்று, உடம்பு முழுக்க அழற்சி, ஸ்டீராய்டு, ஏறிக் கிடக்கும் சர்க்கரை, போதாத ஊட்டம். பூச ஆள் வராத வேளையில், கரைப்பது பல மடங்காகிறது. தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் என்ற புரதம்தான் இதில் அதிகம் அடிபடுகிறது. அது குறைந்தால், பார்வைக்குத் தசை இருந்தாலும் இழுக்கும் திராணி இருக்காது.

எவ்வளவு வேகம் என்பது பலருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் 63 நோயாளிகளின் முன் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்துகொண்டே வந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. பத்தே நாளில் அந்தத் தசையின் குறுக்களவு சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது. ஒரே ஓர் உறுப்பு மட்டும் செயலிழந்தவர்களுக்கு ஏழாம் நாள் இழப்பு 3 சதவீதம்தான். பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு 15.7 சதவீதம். மண்சுவருக்கும் புயலுக்கும் உள்ள கணக்கு இதில் அப்படியே தெரிகிறது. மூச்சுக்கான உதரவிதானம் இன்னும் சீக்கிரம் கரைகிறது. வென்டிலேட்டரே முழு மூச்சையும் பார்த்துக்கொண்டால், 18 முதல் 69 மணி நேரத்துக்குள் அதன் நார்கள் பாதிக்குமேல் மெலிந்துவிடுவதை அமெரிக்காவில் மூளைச்சாவு அடைந்த உறுப்புக் கொடையாளர்களிடம் 2008-ல் கண்டார்கள்.

விழித்த பிறகு இதை எப்படி அளப்போம்? இரண்டு பக்கமும் சேர்த்து 12 தசைக் கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். துடிப்பே இல்லை என்றால் 0, லேசாகத் துடித்து மூட்டு அசையவில்லை என்றால் 1, நாம் அழுத்தும் அழுத்தத்தை முழுதாக எதிர்த்து நின்றால் 5. மொத்தம் 60. 48-க்குக் கீழே போனால் ஐசியூவில் வந்த தசைத் தளர்ச்சி என்று எழுதுவோம். நோய் குணமாகி, குழாய் எடுத்து, “இனி பயமில்லை” என்று மருத்துவர் சொன்ன பிறகும் தம்ளரைத் தூக்க முடியாமல் ஒருவர் அழுவதைப் பார்த்தால்தான் இந்த எண்ணின் கனம் புரியும்.

அது சீக்கிரம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கனடாவின் டொராண்டோவில், கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் எழுதினார்கள். நடுவயதுக்காரர்கள். ஓராண்டு கழித்து ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதுக்கு எதிர்பார்க்கிற தூரத்தில் 66 சதவீதம்தான். நுரையீரல் பெருமளவு தேறிவிட்டது, தசைதான் தேறவில்லை.

குதிகால் தரையில் ஊன்ற வேண்டும்

தசையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், என்னைக் கேட்டால், மயக்கத்தில் இருப்பவரின் காலை அசைப்பதற்கு எல்லோருக்கும் விளங்கக்கூடிய காரணம் கணுக்கால்தான்.

மல்லாந்து படுத்திருப்பவரின் பாதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேலே போர்வையின் பாரம் வேறு. விழித்திருப்பவர் அவ்வப்போது பாதத்தை மேலே இழுத்துக்கொள்வார். மயக்கத்தில் இருப்பவரின் பாதம் சாய்ந்தது சாய்ந்தபடி நாள்கணக்கில் கிடக்கும். கெண்டைக்கால் தசையும் அதைக் குதிகாலோடு கட்டும் நாணும் அந்த நீளத்துக்கே பழகிக் குறுகிவிடும். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் இறுகிவிடும். மூன்று வாரம் கழித்து அவரை எழுப்பி நிறுத்தினால் முன்பாதம் மட்டும் தரையில் படும், குதிகால் அந்தரத்தில் நிற்கும். தொடையில் பலம் இருந்தும் நிற்க முடியாது. கீழே உட்கார்ந்து எழுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

ஐசியூவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்த 155 பேரைக் கனடாவில் ஆராய்ந்தபோது, 39 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மூட்டாவது இறுகிப்போயிருந்தது. 2008-ல் வந்த கணக்கு இது. கரைந்த தசையை மாதக்கணக்கில் பயிற்சி செய்து மீட்கலாம். முழுதாக இறுகிய மூட்டு அவ்வளவு சுலபத்தில் பிடி கொடுக்காது. சிலருக்கு அறுவை சிகிச்சை வரை போகும். தினம் இரண்டு வேளை, சில நிமிட நேரம் பாதத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிப்பது அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு சின்ன வேலை!

இதில் ஒரு நுணுக்கம். முட்டி மடங்கியிருக்கும்போது பாதத்தை மேலே தள்ளினால் சுலபமாக வரும், ஏனென்றால் கெண்டைக்காலின் பெரிய தசை முட்டிக்கும் மேலே போய் ஒட்டியிருக்கிறது. முட்டி மடங்கினால் அது தளர்ந்துவிடும். அதனால் முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தின் அடிப்பக்கம் சாய்த்து, என் உடம்பின் எடையை லேசாகக் கொடுத்து அழுத்துவேன். முன்பாதத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதிதான் வளையும், குதிகால் அப்படியே இருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

ஒரே ஆள், இரண்டு கால்

அசையாத காலை நாம் அசைத்துவிடும் யோசனை ஐசியூவுக்கு முந்தியது. இளம்பிள்ளை வாதம் உலகத்தை உலுக்கிய காலத்தில், நோய் தாக்கிய குழந்தைகளின் கை கால்களைச் சட்டத்திலும் மாவுக்கட்டிலும் அசையாமல் கட்டி வைப்பதுதான் வழக்கம். எலிசபெத் கென்னி என்ற ஆஸ்திரேலியச் செவிலியர் கட்டுகளைப் பிரித்தார். வெந்நீரில் பிழிந்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, மெதுவாக அசைத்துவிட்டார். மருத்துவர்கள் பலகாலம் அவரை எதிர்த்தார்கள். 1940-களில் அமெரிக்காவின் மினியாபோலிஸில் அவர் பெயரில் நிலையமே தொடங்கினார்கள். ஐசியூ என்ற அமைப்பு பிறந்ததும் அதே நோயால்தான். 1952-ல் கோபன்ஹேகனில் மூச்சு நின்றுபோன போலியோ நோயாளிகளுக்கு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து உட்கார்ந்து பையைக் கையால் பிசைந்து பிசைந்தே மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

மயக்கத்தில் இருக்கும் வென்டிலேட்டர் நோயாளிக்குப் பாஸிவ் பயிற்சி உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா என்று பார்ப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. எந்த இரண்டு நோயாளியும் ஒன்றில்லை. ஒருவர் வயது வேறு, நோய் வேறு, மருந்து வேறு. அதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நோயாளியின் ஒரு காலை அசை, மறு காலை விட்டுவிடு. இரத்தம் ஒன்று, மருந்து ஒன்று, நோய் ஒன்று, அசைவு மட்டும்தான் வேறு.

இங்கிலாந்தில் 1995-ல் வெளியான ஆய்வில் ஐந்து நோயாளிகள். எல்லோருக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலை மட்டும் ஒரு கருவியில் வைத்து, வேளைக்கு மூன்று மணி நேரமாக மூன்று வேளை, ஏழு நாள் அசைத்தார்கள். முன்னும் பின்னும் முன்கெண்டைத் தசையில் நெல்மணி அளவு எடுத்துப் பார்த்ததில், அசைத்த காலில் நார்களின் பருமன் மறு காலைவிட நன்றாகக் காப்பாற்றப்பட்டிருந்தது.

ஸ்வீடனில் 2012-ல் இன்னும் கூர்மையாகப் பார்த்தார்கள். ஏழு நோயாளிகள், ஒரு காலில் மட்டும் கருவி, இரண்டரை மணி நேரம் வீதம் நான்கு முறை, ஆக நாளுக்குப் பத்து மணி நேரம். சராசரியாக ஒன்பது நாள். அதன் பிறகு ஒவ்வொரு தசை நாரையும் தனியாக எடுத்து அதன் இழுவிசையை அளந்தார்கள். நாரின் பருமன் இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மெலிந்திருந்தது. ஆனால் பருமனுக்குத் தகுந்த விசையைக் கணக்கிட்டால், அசைத்த காலின் நார்கள் 35 சதவீதம் பலமாக இருந்தன. சுவரின் அகலம் குறைந்தது குறைந்ததுதான், மிச்சமிருந்த மண் கெட்டியாக இருந்தது.

இரண்டுமே சின்ன ஆய்வுகள். நாளுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. என் இரண்டு கையால் ஒரு வார்டு முழுவதற்கும் அவ்வளவு நேரம் கொடுக்க எந்த ஊரிலும் முடியாது. ஒரு காலுக்கு ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்பதுதான் நடைமுறை. அந்தப் பதினைந்து நிமிடம் தசையின் பருமனைக் காப்பாற்றிவிடும் என்று நான் எந்தக் குடும்பத்துக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மூட்டைக் காப்பாற்றும் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

கட்டிலின் கால்மாட்டில் பொருத்தும் சைக்கிள் ஒன்றும் இருக்கிறது. பாதங்களை மிதியில் பட்டை போட்டுக் கட்டிவிட்டால் மோட்டாரே சுற்றும். நோயாளி விழித்து மிதிக்கத் தொடங்கினால் அதை உணர்ந்து மோட்டார் விட்டுக்கொடுக்கும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் 90 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நாளுக்கு 20 நிமிடம், மயக்கத்தில் இருந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 20 சுற்று. ஐசியூவை விட்டு வெளியே வரும்போது இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும்போதுதான் தெரிந்தது: ஆறு நிமிட நடையில் சைக்கிள் பிரிவினர் 196 மீட்டர், மற்றவர்கள் 143 மீட்டர். இது 2009-ல்.

அந்தக் கணக்கைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அந்தச் சந்தோஷத்தைக் குறைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸில் 314 பேரிடம், வழக்கமான பிசியோவோடு சைக்கிளும் தசைக்கு மின்தூண்டலும் சேர்த்துப் பார்த்ததில் கூடுதல் பலம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2018-ல் வந்தது. 360 பேரிடம் சைக்கிளை மட்டும் சேர்த்துப் பார்த்த ஆய்வும் 2024-ல் அப்படியேதான் முடிந்தது. இதை வைத்துக் காலை அசைப்பதே வீண் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆய்வுகளில் சைக்கிள் கிடைக்காத பிரிவினருக்கும் பிசியோ நடந்துகொண்டுதான் இருந்தது. ஏற்கெனவே நன்றாகக் கவனிக்கப்படும் காலுக்குச் சைக்கிள் மேலதிகமாக எதையும் தரவில்லை, அவ்வளவுதான். யாருமே தொடாத காலைப் பற்றி அவை பேசவில்லை.

முதல் படி

சிகாகோவிலும் அயோவாவிலும் 104 நோயாளிகளிடம் நடந்து 2009-ல் வந்த ஆய்வுதான் இந்தத் துறையில் என் மனசுக்கு நெருக்கமானது. அதில் தினமும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். நோயாளி கண் திறந்தால் உட்கார வை, உட்கார்ந்தால் நிறுத்து, நின்றால் நடக்க விடு. எந்தப் பதிலும் சொல்லாதவருக்கு? கை கால் நான்கையும் ஒவ்வொரு திசையிலும் பத்து முறை அசைத்துவிடு. ஏணியின் முதல் படி அது. இப்படிச் சீக்கிரம் தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் வீடு திரும்பும்போது தங்கள் வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். தாமதமாகத் தொடங்கியவர்களில் 35 சதவீதம்.

அந்த வித்தியாசம் பாஸிவ் பயிற்சியால் மட்டும் வந்ததில்லை, விழித்த நேரத்தில் சீக்கிரமே உட்கார, நிற்க, நடக்க வைத்ததால் வந்தது. விழிக்காதவரை அப்படிச் செய்ய வைக்க முடியாது. நான் தினமும் காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்து, மயக்க மருந்தை எப்போது குறைக்கலாம் என்று யாரும் கேட்காமல் விட்டால், முதல் படியிலேயே நின்றுவிட்டோம் என்று அர்த்தம். அதனால்தான் ஒவ்வொரு நாளும் காலையில் ரவுண்ட்ஸின்போது “இன்னைக்கு மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கலாமா டாக்டர்?” என்று கேட்பதும் என் வேலையில் சேர்த்தி. சில நாள் வேண்டாம் என்பார்கள். மறுநாள் மறுபடி கேட்பேன்.

விழிக்க வைப்பதிலும் அளவு உண்டு. 2022-ல் வெளியான 750 பேர் கொண்ட ஆய்வில், வழக்கத்தைவிட அதிகமாக எழுப்பி நடமாட வைத்ததால் பலன் கூடவில்லை, தொந்தரவுகள்தான் கொஞ்சம் கூடின. அவசரப்பட்டு இரண்டு படி தாண்ட வேண்டியதில்லை என்பது நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

கையை வைப்பதற்கு முன்

காலைத் தொடுவதற்கு முன்னால் நான் பார்ப்பது மானிட்டரையும் கேஸ் ஷீட்டையும். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து ஏறிக்கொண்டே போகிறதா, ஆக்சிஜன் எவ்வளவு தேவைப்படுகிறது, இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா, இடுப்பிலோ காலிலோ முறிவு இருக்கிறதா, தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா. ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் உடனே கையை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவேன். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசிக்கும், காலில் மாட்டிக் காற்றடித்து அழுத்தும் உறைக்கும் பயிற்சி மாற்று இல்லை. அவை அவற்றின் பாட்டுக்கு நடக்க வேண்டும்.

2014-ல் 23 நிபுணர்கள் கூடி, சாலை விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து, எந்த நிலையில் நோயாளியை எவ்வளவு அசைக்கலாம் என்று வகுத்துக் கொடுத்தார்கள். கட்டிலில் வைத்துச் செய்யும் அசைவுக்குப் பெரும்பாலும் பச்சைதான். கட்டிலை விட்டு இறக்குவதற்குத்தான் சிவப்பு நிறைய.

அடுத்து குழாய்கள். தொடை இடுக்கில் டயாலிசிஸ் குழாய் இருந்தால் அந்தப் பக்கத்து இடுப்பை எவ்வளவு மடக்கலாம் என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குவேன். சிறுநீர்க் குழாயின் பை கட்டிலின் எந்தப் பக்கம் தொங்குகிறது, வென்டிலேட்டர் குழாய்க்குப் போதுமான தளர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு அவரிடம் பேசுவேன். “ஐயா, வலது காலை மடக்கப் போறேன், சும்மா விட்டுடுங்க.” கேட்கிறதா என்றால், யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று நம்மால் சொல்ல முடியாது. சொல்லாமல் ஒருவரின் உடம்பைத் தொடக் கூடாது என்பது மயக்கத்தில் இருப்பவருக்கும் பொருந்தும்.

அசைக்கும்போது என் கண் காலில் இருக்காது, முகத்தில் இருக்கும். புருவம் சுருங்குகிறதா, தாடை இறுகுகிறதா, கை விரல்கள் மடங்குகின்றனவா, வென்டிலேட்டரோடு முரண்டுகிறாரா. பேச முடியாதவரின் வலியை இவற்றை வைத்துத்தான் மதிப்பிடுவோம். மூட்டு எங்கே தடுக்கிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். தள்ளிப் பார்க்கும் வேலையே கூடாது. வலி தெரியாதவரின் மூட்டை அளவுக்கு மீறி இழுத்தால், உள்ளே கிழிந்தாலும் அவர் கத்த மாட்டார். துடிப்போ அழுத்தமோ சட்டென்று மாறினால் காலை இறக்கிவிட்டுக் காத்திருப்பேன். கடைசியில் குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை. குதிகாலில் படுக்கைப்புண் வந்துவிட்டால், ஊன்ற வேண்டிய இடமே புண்ணாகிவிடும்.

குடும்பத்தார் செய்யலாமா என்று கேட்பார்கள். நான் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்த பிறகு, செவிலியர் அனுமதித்த நேரத்தில், கணுக்காலும் விரல்களும் தாராளமாகச் செய்யலாம். இடுப்பையும் முட்டியையும் எங்களிடம் விட்டுவிடுவது நல்லது. கையைக் கழுவிவிட்டு வாருங்கள். நகையும் வளையலும் அவர் தோலில் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களாகத் தொடங்கிவிட வேண்டாம். அந்தக் காலுக்குள் என்ன குழாய் போகிறது என்று காணொளிக்குத் தெரியாது.

அந்தப் பெரியவரின் மனைவிக்கும் அப்படித்தான் காட்டிக்கொடுத்தேன். குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு முன்கையைச் சாய்ப்பது இரண்டு நாளில் அவருக்குக் கைவந்துவிட்டது. நான் சொன்ன பத்தை அவர் நெல் அளக்கிற கணக்கில் எண்ணினார்: “லாபம், ரெண்டு, மூணு…” ஒன்பதாம் நாள் மருந்தைக் குறைத்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் வழக்கம்போல எண்ணிக்கொண்டிருந்தவர் ஆறில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, இங்க வா. கால் என் கையைத் தள்ளுது.”

போய் என் கையை வைத்துப் பார்த்தேன். கெண்டைக்கால் தசை லேசாக, ஒரே ஒரு முறை இறுகியது. மூட்டு அசையவில்லை. மதிப்பெண் 1. தாளில் எழுதிவிட்டு, “ஐயா, இன்னொரு தடவை தள்ளுங்க” என்றேன்.